நம்ம முடிக்கு நாம எதுக்கு வரி கட்டணும்

நான் எதையும் முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய காகிதம், வங்கிப் படிவத்தின் அடியில் எறும்பு ஊர்வது போல இருக்கும் எழுத்து, எல்லாவற்றையும் படிப்பேன். ரொம்ப நாள் இதை ஒரு நல்ல குணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இது ஒரு வியாதி என்று முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி சுமதி. மற்றவர்களையும் படுக்கவைக்கும் வியாதி என்று தெரிந்தது என் அக்கா மகளின் கல்யாணத்தில்.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. நடப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதிவைப்பது. மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதிவேடு எழுதுகிறவன் நான். வீட்டுக்கு வந்த பிறகும் கை நிற்காது. ஆனால் இந்தக் கட்டுரையில் தேதி எதுவும் இருக்கக்கூடாது என்று அக்கா மகள் கீர்த்தனா நிபந்தனை போட்டிருக்கிறாள். ("தேதி போட்டா இது கட்டுரை இல்ல மாமா, சார்ஜ் ஷீட்டு.") ஆகவே கிழமைகளோடு நிறுத்திக்கொள்கிறேன். கிழமைகளில் பிழை இருக்காது.

அக்காவின் பெயர் மரகதம். எங்களுக்குச் சொந்த ஊர் ஹனூர் பக்கம் கௌதள்ளி. அக்காவைக் கட்டிய மச்சானுக்கு மைசூர் தேவராஜ மொஹல்லாவில் வெங்காய மண்டி. அக்கா பின்னால்தான் நானும் மைசூருக்கு வந்து சேர்ந்தேன். அந்த வருடம் ஆடியில் அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. ஆவணியில் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். இரண்டாவது தடவை ஏற்றிய வாரமே தலைமுடி கொட்டத் தொடங்கியது. முதலில் சீப்பில், பிறகு தலையணையில், பிறகு குளியலறையில் தண்ணீர் போகும் சல்லடையை அடைத்துக்கொண்டு. ஒரு திங்கட்கிழமை காலை மச்சான் மண்டிக்குப் போகாமல் இருந்து, தன் சவரக் கருவியை எடுத்து, மீதி இருந்ததைத் தானே வழித்துவிட்டார். மண்டியில் நான்கு கடைக்குக் கேட்கிற மாதிரி பேசுகிற மனுஷன் அன்று முழுக்க வாய் திறக்கவில்லை என்று அக்கா சொன்னாள்.

கீர்த்தனாவுக்குக் கல்யாணம் முன்பே நிச்சயமாகியிருந்தது. தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. டாக்டர் அம்மாவிடம் மச்சான் இதைச் சொன்னபோது, அவர் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, "தை வரைக்கும் எதுக்கு? முன்னாடியே வச்சுக்கோங்களேன்," என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஐப்பசியில் முதல் முகூர்த்தத்துக்கு மண்டபம் பிடித்தோம்.

எங்கள் வழக்கப்படி, பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் பெண்ணின் அம்மாவுக்குப் பிறந்த வீட்டுப் புடவை வரவேண்டும். அப்பா அம்மா போய்விட்டதால் அது என் பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய், பட்டுப் புடவை எடுக்க எப்போது போகலாம் என்று கேட்டேன். அக்கா தலையில் பருத்தித் துண்டு கட்டிக்கொண்டு பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"புடவை பேடா தம்பி," என்றாள். (நாற்பது வருடம் மைசூரில் இருந்தால் 'வேண்டாம்' 'பேடா' ஆகிவிடுகிறது.) "அந்தக் காசுக்குத் தலைக்கு ஒரு டோப்பா வாங்கிக்குடு."

நான் அவள் தலைத் துண்டைப் பார்த்தேன்.

"அலங்காரத்துக்குன்னு நெனச்சுக்காத. வர்றவங்கல்லாம் என்ற தலையைப் பாப்பாங்க. பொண்ணை எவ பாப்பா? 'ஐயோ மரகதம், எப்பிருந்து இப்படி, டாக்டர் என்ன சொல்றாங்க'ன்னு சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் இதே பேச்சு. கல்யாணத்துக்கு வந்தவங்க துக்கம் விசாரிச்சுட்டுப் போவாங்க. என்ற பொண்ணுக்கு அந்த ஒரு நாளு வேணும்டா."

"மலைக்கு வேண்டுதல்னு சொல்லிடலாம் அக்கா. நம்ம பக்கத்துல யாரு கேக்கப் போறா?"

மாதேஸ்வரன் மலையில் மொட்டை போடுவது எங்கள் பக்கம் எல்லாக் குடும்பத்திலும் உள்ள பழக்கம். அப்படிச் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். அக்கா பீன்ஸை முறத்தில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "சாமி பேர்ல பொய் சொல்லச் சொல்றியா? இப்ப இருக்குற நெலமைல?"

அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முதலில் மைசூரிலேயே தேடினோம். நாடக சாமான் வாடகைக்கு விடும் கடை ஒன்றில், "தினக் கணக்கா, வாரக் கணக்கா?" என்று கேட்டார்கள். அங்கே ஒன்றைத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்த அக்கா, "யுத்தத்துல தோத்த ராஜா மாதிரி இருக்கேன்," என்றாள். அது நைலான். உள்ளே வலை முள் மாதிரி. மருந்து ஏற்றிய தலையில் தோல் புண்ணாக இருந்ததால் இரண்டு நிமிடம்கூட வைக்க முடியவில்லை.

கீர்த்தனா, "பெங்களூருல எவ்வளவோ கடை இருக்கு மாமா, ஒரு நாள் போய்ட்டு வந்துடலாம்," என்றாள். சாதாரண மனிதன் சரி என்றிருப்பான். நான் ஒரு வாரம் படித்தேன். நோயாளிகளுக்கென்றே உட்பக்கம் மென்மையான துணி வைத்துத் தைக்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றைக் கண்டுபிடித்தேன். வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். அக்காவின் தலை அளவை நூல் பிடித்து நெற்றி, காது, பிடரி என்று தனித்தனியாக எடுத்தேன். ("சவப்பெட்டிக்கு அளவெடுக்கிற மாதிரி எடுக்கிறான்," என்றாள் அக்கா. யாரும் சிரிக்கவில்லை. அவள் மட்டும் சிரித்தாள்.) அனுப்பும் கூலி டோப்பா விலையில் பாதிக்கு மேல் இருந்தது. மெதுவாக வருவது மலிவு, விரைவாக வருவது விலை. இதில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். விரைவாக வருவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை ஆர்டர் போட்டேன். கல்யாணத்துக்கு நிறைய நாள் இருந்தது.

அடுத்த வாரமே பொட்டலம் கடல் தாண்டிப் பெங்களூர் விமான நிலையத்துக்கு வந்துவிட்டது. புதன்கிழமை அது அங்கே இறங்கியதை ஆபீசில் இருந்தபடி போனில் பார்த்தேன். (சுமதி வியாழன் என்பாள். புதன்தான்.) மறுநாள் கூரியர் கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சுங்க வரி இவ்வளவு, இந்தச் சுட்டியில் கட்டினால் பொருள் உங்கள் வீட்டுக்கு வரும் என்று இரண்டே வாக்கியம். கூடவே வரி எப்படி வந்தது என்று ஒரு கணக்குத் தாள்.

அந்த இரண்டு வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தால் நான் கட்டியிருப்பேன். அந்தக் கணக்குத் தாளை அனுப்பியிருக்கக்கூடாது.

அதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது: வரி டோப்பாவுக்கு மட்டும் இல்லை. டோப்பாவைக் கொண்டுவந்த கூலிக்கும் வரி. காப்பீட்டுக்கும் வரி. எல்லாவற்றையும் கூட்டி ஒரு வரி போட்டு, அந்த வரியையும் சேர்த்துக் கூட்டி அதன் மேல் இன்னொரு வரி. அக்காவுக்குச் சீக்கிரம் வரவேண்டும் என்று நான் விலை உயர்ந்த கூலியைத் தேர்ந்தெடுத்ததற்கு அரசாங்கம் தனியாக ஒரு பங்கு கேட்டது. மொத்தமாகப் பார்த்தால் அது ஒரு சுமாரான புடவையின் விலை. மச்சானிடம் சொல்லியிருந்தால் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்தபடி கட்டியிருப்பார். சுமதி, "கட்டித் தொலைங்க," என்றே சொன்னாள்.

அன்று மாலை பொருளின் விவரத்தை மறுபடி படித்தேன். அதில் கம்பெனிக்காரன் பெருமையாகப் போட்டிருந்தான்: இந்தியக் கோயில்களில் காணிக்கையாகக் கொடுக்கப்பட்ட உண்மையான தலைமுடியால் செய்தது.

எனக்குள் ஏதோ எழுந்து நின்றது. இந்த முடி இங்கிருந்து போனது. நம் ஊர்ப் பெண் ஒருத்தி மலையேறிப் போய்க் கொடுத்தது. அதைக் கடல் கடந்து கொண்டுபோய், அலசி, தைத்து, நமக்கே விற்று, அது நம் மண்ணில் வந்து இறங்கும்போது அதற்கு இறக்குமதி வரியா? விதிகளைத் தேடிப் படித்தேன். இங்கிருந்து ஏற்றுமதியான பொருள் திரும்பி வந்தால் சலுகை உண்டு என்று ஒரு விதி இருந்தது. அதே பொருள்தான் என்று நிரூபிக்க வேண்டும், அது இடையில் வேறு பொருளாக மாறியிருக்கக்கூடாது என்றும் கீழே போட்டிருந்தது. அதையும் படித்தேன். ஆனால் அதை ஒரு தடையாக நான் பார்க்கவில்லை. விவாதத்துக்குரிய ஒரு அம்சமாகப் பார்த்தேன்.

இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். முடிக்காணிக்கையின் வரலாற்றில் தொடங்கி, ஏலம், ஏற்றுமதி என்று படிப்படியாகப் போய், 'துவைத்து இஸ்திரி போட்டதால் ஒரு சட்டை வேறு சட்டையாகிவிடுமா?' என்ற கேள்வியோடு முடித்தேன். அந்தக் கடைசி வரியைச் சுமதிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் தோசைக் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்காகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்றாள். ஜெயித்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை கூரியர் கம்பெனியின் சுங்கப் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். என் பெயரைப் பார்த்துத் தமிழிலேயே ஆரம்பித்தார்.

"சார், நீங்க இது திரும்பி வந்த சரக்குன்னு எழுதியிருக்கீங்க. அப்படின்னா ஏற்றுமதி பண்ணின பேப்பர் வேணும்."

"நான் ஏற்றுமதி பண்ணலைங்க."

"பின்ன யாரு பண்ணினது?"

"அது தெரியாது. ஆனா இங்கிருந்துதான் போச்சு."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "சார், அது உங்க முடியா?" என்றார்.

"என் முடி இல்லைங்க. நம்ம முடி."

"நம்மன்னா?"

"பொதுவா. இந்தியாவோட முடி."

"சார்," என்றார் அந்தப் பெண், குழந்தைக்கு ஊசி போடும் முன்பு பேசுகிற குரலில், "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை. சொந்த உபயோகத்துக்கு டோப்பான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. காசு கட்டுங்க. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்துடும். உங்க கடுதாசிய நான் மேல அனுப்பிட்டேன்னா அப்புறம் அது என் கையில இல்ல. கோடௌன் வாடகை வேற ஏறும்."

"அனுப்புங்க," என்றேன். அந்த ஒரு சொல்லை எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மேலே இருந்த அதிகாரி ஒருவர் என் கடிதத்தைப் படித்திருக்கிறார். (முழுக்கப் படித்தார் என்பது அவர் கேள்விகளில் தெரிந்தது. அந்த ஒரு விஷயத்தில் அவர் என் ஜாதி.) எந்தக் கோயில், எந்த ஏலம், யார் ஏற்றுமதி செய்தது, இது அதே முடிதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று நான்கு கேள்விகள் கேட்டிருந்தார். எல்லாமே நியாயமான கேள்விகள். அங்கேயே நான் நின்றிருக்கலாம். ஆனால் கேள்வி என்று வந்துவிட்டால் எனக்குப் பதில் தேடாமல் இருக்க முடியாது. தவிர, முதல் கேள்விக்கு என்னிடம் ஒரு யோசனை இருந்தது.

தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை காலை மைசூரில் பஸ் ஏறினேன். கொள்ளேகால், ஹனூர், சொந்த ஊரான கௌதள்ளி எல்லாம் தாண்டி மாதேஸ்வரன் மலைக்குப் போனேன். ஊர் தாண்டும்போது ஜன்னலோரம் தலையைக் குனிந்துகொண்டேன். தெரிந்தவர்கள் ஏறி எதற்கு மலைக்கு என்று கேட்டால் என்ன சொல்வது? முன்னால் சீட்டில் ஒரு குடும்பமே மொட்டை போடப் போய்க்கொண்டிருந்தது. கையில் குழந்தையோடு இருந்த அம்மாள் திரும்பி, "நீங்களும் முடி குடுக்கத்தானுங்களே?" என்று அன்பாகக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். சாமி பேரில் பொய் சொல்லாதே என்று அக்கா சொன்னது அப்போது நினைவுக்கு வரவில்லை.

கோயில் ஆபீசில் இருந்தவர் என்னைப் பார்த்ததுமே, "முடிக்கு டிக்கெட் அந்தப் பக்கம்," என்று கை காட்டினார். முடி கொடுக்க வரவில்லை, ஏலத்தில் போன முடி எங்கே போயிற்று என்று கேட்க வந்தேன் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். நான் முதலிலிருந்து விளக்கினேன். அக்கா, மருந்து, டோப்பா, கூலிக்கு வரி, வரிக்கு வரி. பாதியில் பக்கத்து மேஜைக்காரரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்துவிட்டார்.

கேட்டு முடித்ததும் முதலாமவர் கன்னடத்தில் பக்கத்து மேஜைக்காரரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவர் சிரிக்கவில்லை. முதலாமவர் என் பக்கம் திரும்பினார்.

"சாமிக்குக் குடுத்தது சாமியோடது. மூட்டையா ஏலம் போகும். வாங்கினவன் எங்க வித்தான், யார் தலைக்குப் போச்சு, நாங்க கேக்கிறது இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "குடுத்ததைத் திரும்பக் கேக்கிறதுக்கு இங்க கவுண்டர் இல்லையே," என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. அப்படி ஒரு கவுண்டர் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று அவரும் நினைத்தது போல இருந்தது. உங்கள் அக்கா பெயரும் நட்சத்திரமும் சொல்லுங்கள், அர்ச்சனைக்குச் சொல்கிறேன் என்றார். சொன்னேன். விபூதிப் பொட்டலத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எதிரே கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் தலையிலிருந்து முடி விழுந்துகொண்டிருந்தது. ஒருவர் அதைப் பெருக்கிச் சாக்கில் அள்ளினார். கறுப்பு, நரை, குழந்தை முடி எல்லாம் ஒன்றாகப் போயிற்று. அதே முடிதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது.

அங்கேயிருந்தே அந்தக் கூரியர் பெண்ணுக்குப் போன் போட்டேன். கடிதத்தை வாபஸ் வாங்குகிறேன், கேட்டதைக் கட்டுகிறேன் என்றேன்.

"முன்னாடியே சொன்னேனே சார்," என்றார். குரலில் வெற்றி இல்லை, அசதிதான் இருந்தது. "இப்ப நீங்க வாபஸ்னு எழுதிக் குடுக்கணும். அதை அவங்க ஏத்துக்கணும். மறுபடி முதல்ல இருந்து கணக்குப் போடணும். நடுவுல ஆயுத பூஜை, விஜயதசமி லீவு வருது. கல்யாணம் என்னிக்குன்னு சொன்னீங்க?"

சொன்னேன்.

"பாக்கலாம் சார்," என்றார். அவர் சொன்ன விதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வருட தசரா எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. ஊரெல்லாம் விளக்குப் போட்டிருந்தார்கள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் காலையிலும் மாலையிலும் ஒரே வாக்கியம்: உங்கள் பொருள் சுங்கப் பரிசீலனையில் உள்ளது. அக்கா ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும், "வந்துட்டே இருக்கு அக்கா," என்றேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதற்கிடையில் அக்காவுக்கு அடுத்த மருந்தும் ஏற்றிவிட்டார்கள். புருவமும் போய்விட்டது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மண்டபத்தில் மணமகள் அறையில் வைத்துச் சொன்னேன். அக்கா, கீர்த்தனா, சுமதி மூவரும் இருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பக்கக் கடிதம், சட்டை, இஸ்திரி, மலை, கவுண்டர் இல்லாதது. கீர்த்தனாவின் கண்ணில் தண்ணீர் கட்டியது. மருதாணிக் கையால் துடைக்க முடியாமல் அப்படியே விட்டாள்.

"எவ்வளவு மாமா வரி?" என்றாள். சொன்னேன். "நான் மேக்கப்புக்குக் குடுத்தது அதை விட ஜாஸ்தி."

அக்கா கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் எழுதப்போவதில்லை.

"அக்கா, நானும் மொட்டை போட்டுக்கறேன்," என்றேன். அந்தக் காலத்தில் என் தலையில் முடி காடு மாதிரி இருக்கும். "இப்பவே போயிட்டு வந்துடறேன். ரெண்டு பேரும் அப்படி நின்னா யாரும் எதுவும்…"

அக்கா திரும்பினாள். "உன்ற மொட்டையை வச்சு நான் என்னடா பண்றது? அந்த முடியை வெள்ளைக்காரனுக்கு அனுப்பி மறுபடி ஆர்டர் போடுவியா?"

"இல்ல அக்கா…"

"சும்னிரு." பேசாமல் இரு என்று அர்த்தம். "தாய்மாமன் மொட்டையா நின்னா அதுக்கும் என்னைத்தான் கேப்பாங்க. போ, போய் சாம்பார் வெங்காயம் பத்துமான்னு பாரு. உன்ற மச்சான் வெங்காய மண்டிக்காரர், வீட்டுக் கல்யாணத்துக்கு வெங்காயம் பத்தாமப் போயிடும்."

மறுநாள் அக்கா அரக்குப் பட்டுக்குப் பொருத்தமான துணியைத் தலையில் இழுத்துக் கட்டிக்கொண்டு, கண்மையால் புருவம் எழுதிக்கொண்டு, மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். நானும் மச்சானும் பக்கத்தில். அவள் சொன்ன மாதிரியேதான் நடந்தது. வருகிறவர்கள் முதலில் அவள் தலையைப் பார்த்தார்கள், பிறகு எங்களைப் பார்த்தார்கள், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். மேடைக்குப் பக்கத்தில் நாலைந்து பெண்கள் தலைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கீர்த்தனா மணவறையில் வந்து உட்கார்ந்தாள். பாதிக் கூட்டம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

அப்போது ஹனூர் அத்தை வந்தார். அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை. காது மந்தம். அதனால் உலகத்துக்கே காது மந்தம் என்று நினைத்துப் பேசுவார்.

"ஏனம்மிணி மரகதம், தலையில துணி? மலைக்குப் போயிட்டு வந்தியா?"

மண்டபமே காதைத் தீட்டிக்கொண்டது. மச்சான் சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"நான் போகலைங்க அத்தை," என்றாள் அக்கா. அவர் காதுக்கு எட்டும்படி உரக்கவே சொன்னாள். "என்ற தம்பி போனான்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். கூடவே மண்டபமும் பார்த்தது. "இவனா? இவன் தலையில அத்தனையும் அப்படியே இருக்குதே?"

"அவன் முடி குடுக்கப் போகலைங்க. கேக்கப் போனான்."

"கேக்கவா? சாமிகிட்டயா?"

"ஆமாங்க. இதுவரைக்கும் குடுத்ததெல்லாம் எங்க போச்சு, கணக்குக் காட்டுன்னு கேட்டிருக்கான்."

அத்தை வாயில் கை வைத்தார். பிறகு அவருக்கு வந்த சிரிப்பு அவர் பேச்சைவிடப் பலமாக இருந்தது. "எலே, சாமிகிட்டயே ரசீது கேட்டியா?" பின்னாலிருந்தவர்கள் என்ன என்ன என்று முன்னால் வந்தார்கள். அக்கா சொன்னாள். டோப்பா வரி கட்டாமல் பெங்களூரில் உட்கார்ந்திருப்பதிலிருந்து சொன்னாள். அந்தக் கூரியர் பெண்ணின் குரலிலும் என் குரலிலும் மாறி மாறிப் பேசிக் காட்டினாள். 'என் முடி இல்லைங்க, நம்ம முடி' என்று அவள் சொன்னபோது நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரை நான் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன்.

பந்தியில் என் இலையில் முடி விழுந்திருக்கிறதா, அதற்கு வரி கட்டிவிட்டாயா என்று கேட்டார்கள். தாய்மாமன் மாலை போடப் போனபோது, "மாலைக்கு ஏற்றுமதிப் பேப்பர் இருக்கா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். எனக்குத் தெரியாத ஆட்கள் எனக்குக் கை கொடுத்தார்கள். ஒருவர் என்னோடு செல்பி எடுத்துக்கொண்டார். அன்று மாலை வரை அந்த மண்டபத்தில் அக்காவின் உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. நேரம் இருக்கவில்லை. தாலி கட்டும்போது கீர்த்தனா அழவில்லை. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆல்பத்தில் அப்படித்தான் இருக்கிறாள்.

நான் அன்றைக்கு எங்காவது ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் அக்கா ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். துணி கொஞ்சம் நழுவியிருந்தது. என்னைப் பார்த்ததும் அதைச் சரிசெய்யவில்லை. "பசிக்குதுடா," என்றாள். "அந்த ஜாங்கிரி ஒண்ணு எடுத்துட்டு வா." பல வாரங்களாக அவள் எதையும் கேட்டுச் சாப்பிட்டதில்லை.

டோப்பா அடுத்த வியாழக்கிழமை வந்தது. வரி, கோடௌன் வாடகை, தாமதக் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் டோப்பாவை விட டோப்பா வந்த பாதை விலை அதிகம். நன்றாகத்தான் இருந்தது. உள்ளே துணி மென்மையாக இருந்தது. அக்கா அதை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வைத்துக்கொள்வாள். யாராவது அசல் மாதிரியே இருக்கிறது என்று சொன்னால், "அசல்தான். எந்த ஊர் பொண்ணோடதுன்னு என்ற தம்பி விசாரிச்சுட்டு இருக்கான்," என்பாள்.

தையும் வந்தது. டாக்டர் அம்மா பயந்தது போல அந்தத் தை இல்லை. அதற்கு அடுத்த வருடம் தை. ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை அக்கா போய்விட்டாள். அப்போது சொந்த முடி ஒரு விரல்கடை வளர்ந்திருந்தது, முழு நரை. அதோடுதான் போனாள். டோப்பாவை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மச்சான் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு மேல் அது இருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் இப்போது நான் எதையாவது நீளமாக விளக்க ஆரம்பித்தால் யாராவது ஒருவர், "கேட்டதைக் கட்டிட்டு வாங்க," என்பார்கள். மின் கட்டணம், பள்ளிக் கட்டணம், ஆட்டோவில் மீட்டருக்கு மேல் பத்து ரூபாய், எல்லாவற்றுக்கும் அதே வாக்கியம்தான். சுமதி அதைத் தினமும் சொல்கிறாள். நான் கட்டிவிடுகிறேன்.

போன மாதம் கீர்த்தனாவின் பெண் குழந்தைக்கு மலையில் முதல் மொட்டை. கீர்த்தனாவுக்கு உடன்பிறந்த அண்ணன் தம்பி இல்லாததால், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் உரிமை ஒரு தலைமுறை இறங்கி என்னிடமே வந்தது. மச்சான் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். கத்தி பட்டதும் குழந்தை வீறிட்டு அழுதது. சுருள் சுருளாக முடி என் வேஷ்டியில் விழுந்தது. நாவிதர் அதை உதறி அள்ளிக்கொண்டு சாக்குகள் இருந்த பக்கம் போனார்.

"மாமா," என்றாள் கீர்த்தனா, குழந்தையின் தலையில் சந்தனம் பூசியபடி, திரும்பிப் பார்க்காமலே. "எந்த மூட்டையில போடறாங்கன்னு பாத்து வச்சுக்கோங்க. பின்னாடி ஆதாரம் கேப்பாங்க."

மச்சான் சிரித்தார். அக்கா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு நின்ற பிறகும் அவர் தோள் கொஞ்ச நேரம் குலுங்கிக்கொண்டிருந்தது.

நான் பார்த்துவைத்துக்கொண்டேன். சுவரோரம் இருந்த மூன்றாவது மூட்டை. ஞாயிற்றுக்கிழமை.